அப்பமும் போராட்டமும்: சாத்தானை எதிர்த்து நிற்பதும் தேவனை நம்பியிருப்பதும்

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அன்றாட அப்பத்துக்கான வேண்டுதலும் தீமையிலிருந்து மீட்கும்படியான வேண்டுதலும் அடுத்தடுத்த மூன்று வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன (மத்தேயு 6:11-13). இரண்டுக்கும் நடுவே மன்னிப்பு நிற்கிறது. இந்த ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லப் பழகிய சபைகள் அதன் பொருளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பிசாசை எதிர்த்து நிற்பது ஒரு தலைப்பு. அதற்கென உபவாசக் கூட்டங்களும் விடுதலை ஊழியங்களும் உண்டு. தேவன் தேவைகளைச் சந்திப்பார் என்பது இன்னொரு தலைப்பு. அதற்கென ஆசீர்வாதக் கூட்டங்களும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளும் உண்டு. முதலாவதைப் பேசுகிறவர்கள் அப்பத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டாவதைப் பேசுகிறவர்கள் சோதனையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வேதாகமத்தையும் சபை வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் இந்தப் பிரிவினைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பொல்லாங்கனின் தாக்குதல் பெரும்பாலும் நாளையைக் குறித்த பயத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. அதை எதிர்த்து நிற்பது என்றால், பிதா போஷிப்பார் என்று நம்பி இன்றைய கீழ்ப்படிதலில் நிலைத்திருப்பதும், கையிலுள்ள அப்பத்தைப் பகிர்வதும்தான். இரண்டையும் ஒன்றாகக் கண்டவர்கள் யார், பிரித்ததால் விளைந்த சேதம் என்ன, இன்றைய சபை எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேதாகமத்தில் இரண்டும் சந்திக்கும் இடங்கள்

யோபு புத்தகத்தில் சாத்தான் வைக்கும் குற்றச்சாட்டிலிருந்து தொடங்கலாம். தேவன் யோபைச் சுற்றி வேலியிட்டு, அவனுடைய வேலையை ஆசீர்வதித்திருப்பதால்தான் அவன் பக்தனாக இருக்கிறான் என்பது சாத்தானின் வாதம் (1:9-11). பக்தி என்பது கூலிக்குச் செய்யும் வேலை, கூலி நின்றால் பக்தியும் நின்றுவிடும் என்கிறான் அவன். ஆடுமாடுகள், பிள்ளைகள், உடல்நலம் என்று ஒவ்வொன்றாகப் பறிபோகும்போது சோதனைக்கு வருவது இந்த ஒரு கூற்றுதான். முடிவில் தேவனுடைய கோபம் யோபின்மேல் வரவில்லை. துன்பத்துக்கெல்லாம் அவனுடைய பாவமே காரணம் என்று விளக்கிய நண்பர்கள்மேல் வருகிறது (42:7). துன்பப்படுகிறவனைக் குற்றவாளியாக்கும் உபதேசத்துக்கு வேதாகமம் அங்கேயே தீர்ப்பு வழங்கிவிட்டது.

இயேசுவின் வனாந்தரச் சோதனையும் அப்பத்தில்தான் தொடங்குகிறது (மத்தேயு 4). நாற்பது நாள் உபவாசித்தவருக்குப் பசி எடுத்ததில் தவறில்லை. பிதாவின் வேளைக்குக் காத்திராமல் தன் வல்லமையால் தானே அதைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னதுதான் சோதனை. அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. முதல் பதில், இஸ்ரவேலர் மன்னாவால் கற்க வேண்டியிருந்த பாடத்தைப் பேசும் பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த மன்னாவைக் குறித்து யாத்திராகமம் 16 சொல்வதை நினைவுகூரலாம்: அதிகம் வாரியவர்களுக்கும் குறைய வாரியவர்களுக்கும் அளந்து பார்க்கையில் தேவைக்குச் சரியாகவே இருந்தது, மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது, ஓய்வுநாளுக்காக வைத்தது மட்டும் கெடவில்லை.

இரண்டாவது சோதனை வேறு விதமானது. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் பிசாசு, தேவனுடைய பாதுகாப்பைக் குறித்த ஒரு சங்கீதத்தையே சான்று காட்டுகிறான். நம்பிக்கையின் பெயரால் தேவனை நிர்ப்பந்திக்கச் சொல்லும் தந்திரம் இது. மூன்றாவது சோதனையில் அவன் தன்னையே கொடுக்கிறவனாக முன்னிறுத்துகிறான். விலை, ஒரே ஒரு வணக்கம். நம்பாமல் இருப்பது, நம்பிக்கையின் பெயரால் தேவனைக் கட்டாயப்படுத்துவது, வேறொரு கொடையாளியைத் தேடிப்போவது என்று மூன்றும் தேவனுடைய பராமரிப்பைக் குறித்த தாக்குதல்களே. மூன்றையும் மறுத்த பிறகுதான் தேவதூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள்.

நிருபங்களிலும் இதே அமைப்பு வருகிறது. கவலைகளைத் தேவன்மேல் வைத்துவிடச் சொல்லும் 1 பேதுரு 5:7-க்கு அடுத்த வசனத்தில்தான் கெர்ச்சிக்கிற சிங்கமாகச் சுற்றித் திரியும் பிசாசு வருகிறான். பிசாசுக்கு இடங்கொடாமல் இருக்கச் சொல்லும் எபேசியர் 4:27-க்கு அடுத்த வசனம், திருடிப் பிழைத்தவன் இனிக் கைகளால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிசாசை எதிர்க்கச் சொல்லும் யாக்கோபு 4:7, பேராசையால் எழும் சண்டைகளைக் கண்டித்த வசனங்களைத் தொடர்ந்து வருகிறது. அடுத்த அதிகாரம், அறுவடைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்த நிலச்சுவான்தார்களை நோக்கிப் பேசுகிறது.

சிறையிலிருந்து எழுதப்பட்ட எபேசியர் 6-இன் சர்வாயுதவர்க்கமும் இந்தப் பின்னணியில்தான் தெளிவாகிறது. சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சிப்பு, தேவவசனம், ஜெபம் என்ற அந்தப் பட்டியலில் மந்திரம்போல உச்சரிக்க வேண்டிய வாசகம் எதுவும் இல்லை. எல்லாமே நடந்து காட்ட வேண்டியவை. தேவைகளைத் தேவன் நிறைவாக்குவார் என்று நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பிலிப்பியர் 4:19 யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். சிறையிலிருந்த பவுலுக்குத் தங்கள் குறைவிலிருந்து உதவி அனுப்பிய சபைக்கு எழுதப்பட்டது அது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டும்போது பவுல் மன்னாவின் கதையை எடுத்துச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8:15). வானத்திலிருந்து விழுந்த மன்னா, அவர் கையில், ஒரு சபை இன்னொரு சபைக்கு அனுப்பும் உதவியாக மாறுகிறது.

ஆதிச்சபையும் பாலைவனமும்

நான்காம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் முதலில் மேற்கு நோக்கி நின்று சாத்தானையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிட்டதாக அறிக்கையிட்டார்கள். பின்பு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். எருசலேமின் சிரில் ஆயர் பெயரில் வழங்கும் உபதேசங்கள் இதை விவரிக்கின்றன. எதிர்ப்பு என்பது ஒரு சிலருக்கான தனி வரமாக அன்று எண்ணப்படவில்லை. ஒவ்வொரு கிறிஸ்தவனின் முதல் அடியே அதுதான்.

சுமார் 251-இல் ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய ஒரு கடிதத்தை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். ரோமச் சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் இருந்ததாகச் சொல்லும் அந்தக் கடிதம், பேயோட்டுபவர்கள், வாசகர்கள், வாயில் காப்போர் ஆகியோரைச் சேர்த்து 52 பேர் என்கிறது. அதே வரிசையில், சபையால் பராமரிக்கப்பட்ட விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கும் மேல் என்று கணக்குக் காட்டுகிறது. பேயோட்டுபவரும் விதவைக்கான படியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. அசுத்த ஆவியைத் துரத்திய சபை, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்ட சபையாகவும் இருந்தது.

இன்னும் ஆழமான சான்று எகிப்தியப் பாலைவனத்திலிருந்து வருகிறது. வனத்து அந்தோனியாரின் வாழ்க்கையை அத்தனாசியுஸ் நான்காம் நூற்றாண்டில் எழுதினார். ஓவியர்கள் அதிலிருந்து கோரமான பேய் உருவங்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நூலில் பிசாசின் முதல் தாக்குதல் உருவமற்றது. விட்டுவந்த சொத்து, தங்கையின் எதிர்காலம், உறவினர், பணத்தாசை, உணவின் சுவை, இந்த வழியின் கடினம் ஆகியவற்றை அவன் மனதில் கிளறிவிடுகிறான். அந்தோனியார் சோம்பியிருந்து இதை வெல்லவில்லை. கையால் உழைத்தார், கிடைத்ததில் ஒரு பகுதியை அப்பத்துக்கும் மற்றதை ஏழைகளுக்கும் செலவிட்டார். பிசாசுகள் பலமற்றவை, அவற்றுக்கு அஞ்சத் தேவையில்லை என்பதே தம் சீடர்களுக்கு அவர் தந்த நீண்ட உபதேசத்தின் சாரம்.

அந்தப் பாலைவன அனுபவத்தை ஒழுங்குபடுத்தி எழுதியவர் 399-இல் இறந்த எவாக்ரியுஸ். மனிதரைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார். காசியான் அதை மேற்குலகுக்குக் கொண்டுசென்றார். பெரிய கிரகோரியார் அதைத் திருத்தியமைத்ததிலிருந்து ஏழு தலையான பாவங்கள் என்ற பட்டியல் உருவானது. பண ஆசையைப் பற்றி எவாக்ரியுஸ் எழுதியதைப் படிக்கும் எவரும் தம் மனதையே அங்கே காண்பார்கள். அந்த ஆவி தங்கத்தைக் காட்டி மயக்குவதில்லை. நீண்ட முதுமை, உழைக்க முடியாத கைகள், வரப்போகும் பஞ்சம், நோய், பிறரிடம் கைநீட்டும் அவமானம் ஆகியவற்றைக் காட்டி அச்சுறுத்துகிறது. இதற்கு மருந்தாக, ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிர்த்துச் சொல்லத்தக்க ஏறத்தாழ 500 வேத வசனங்களை எட்டுப் பகுதிகளாக ஒரு நூலில் தொகுத்துத் தந்தார். இயேசு வனாந்தரத்தில் செய்ததை அன்றாடப் பயிற்சியாக மாற்றிய நூல் அது.

சீர்திருத்தக் காலத்தின் பங்களிப்பு

மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தில் அன்றாட அப்பம் என்பதற்குள் உணவு, உடை, வீடு, நிலம், நல்ல குடும்பம், நல்ல ஆட்சி, சமாதானம், நல்ல அயலார் எல்லாவற்றையும் அடக்கினார். அதே ஆண்டு வந்த பெரிய ஞானோபதேசம் ஒருபடி மேலே போகிறது. அப்பத்துக்கான வேண்டுதல் பிசாசுக்கு எதிரான வேண்டுதலும் ஆகும் என்று அவர் விளக்கினார். ஆட்சியைக் குலைத்து, போரை மூட்டி, விளைச்சலையும் வாழ்வையும் அழிப்பதே அவன் நோக்கம் என்பது அவர் காட்டிய காரணம். பசியும் கலகமும் ஆவிக்குரிய போராட்டத்துக்குப் புறம்பானவை என்று அவர் எண்ணவில்லை. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழாக்கியவற்றுள் லூத்தரின் சிறு ஞானோபதேசமும் ஒன்று. ஆகவே தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபை தன் முதல் தலைமுறையிலேயே அப்பத்தைக் குறித்த இந்த விரிந்த விளக்கத்தைப் பெற்றிருந்தது.

லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றன. மனம் வறண்டு தேவன் தூரமாகத் தோன்றும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது அதிலுள்ள முக்கிய விதி. எதிரி கோட்டையின் மிகப் பலவீனமான பக்கத்தைத் தேடித் தாக்குவான். அவன் தந்திரம் இரகசியத்தில் வாழ்கிறது. நம்பத்தக்க ஒருவரிடம் வெளிப்படையாகச் சொன்ன உடனே அதன் பலம் குறைகிறது. கடன் நெருக்கடியிலும் வேலை இழப்பிலும் தனியே குமைந்து அவசர முடிவெடுக்கிற எவருக்கும் இவை இன்றும் உதவும் அறிவுரைகள்.

இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் இந்தப் பொருளை விரிவாக எழுதினார்கள். தாமஸ் புரூக்ஸ் 1652-இல் சாத்தானின் சூழ்ச்சிகளுக்கு மாற்று மருந்துகளைத் தொகுத்தார். லாவன்ஹாம் ஊர்ப் போதகர் வில்லியம் கர்னால், எபேசியர் 6-இன் சில வசனங்களுக்கு 1655 முதல் 1662 வரை மூன்று தொகுதிகளாக விளக்கம் எழுதினார். ஆனாலும் மக்கள் மனதில் ஆழப் பதிந்தது ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட யாத்திரிகக் கதைதான். அதில் தாழ்மையின் பள்ளத்தாக்கில் வழிமறிக்கும் அப்பொல்லியோன் வாளை எடுப்பதற்கு முன் கூலியைப் பற்றிப் பேரம் பேசுகிறான். பனியன் இதை அனுபவித்து எழுதினார். பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தபோது, காலணிக் கயிறுகள் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். அந்தக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்து தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியமாக நிலைத்தது.

மனிதரிடம் கேட்காமல் நடந்த ஊழியங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நம்பிக்கை நிறுவன வடிவம் பெற்றது. பிரஷ்யாவில் பிறந்த ஜார்ஜ் முல்லர் 1836-இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கினார். தேவன் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சாட்சி வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கிய நோக்கங்களில் ஒன்று. நாளையைக் குறித்த பயத்தால் ஓய்வும் ஜெபமும் இல்லாமல் உழைத்து மாய்ந்த விசுவாசிகளைக் கண்டு அவர் மனம் நொந்திருந்தார். ஆஷ்லி டவுனில் 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஒரே சமயத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்க முடிந்தது. 1898-இல் அவர் இறப்பதற்குள் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வளர்ந்தார்கள். அவர் கடன் வாங்கவில்லை, எவரிடமும் பணம் கேட்கவில்லை.

ஆண்டறிக்கைகளை அச்சிட்டுப் பரப்பியதே மறைமுகமான கோரிக்கை அல்லவா என்ற விமர்சனம் நியாயமானது. அதற்கு முல்லரின் நடத்தையிலேயே ஒரு பதில் உண்டு. 1841-இன் இறுதியில் கையில் பணம் வற்றியிருந்தபோது, அறிக்கை வெளியிட்டால் அது உதவி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று அவர் அதைத் தள்ளிவைத்தார். வந்த காசுக்கெல்லாம் கணக்கும் வைத்திருந்தார். நம்பிக்கையும் கணக்குப் புத்தகமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு முல்லரின் வாழ்க்கை மறுப்பாக நிற்கிறது.

1865-இல் ஹட்சன் டெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனும் இதே கொள்கையில் நடந்தது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் 1901 முதல் ஏமி கார்மைக்கேல் நடத்திய பணியும் அப்படியே. கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலமாகத் தொடங்கிய அந்த இல்லம், நிதி திரட்டும் வேண்டுகோள் விடுக்காமல் வளர்ந்தது. அவருக்கு ஆவிக்குரிய போராட்டம் என்பது ஒரு குழந்தையை மீட்டுச் சோறூட்டிப் படிக்க வைப்பதிலேயே நடந்தது.

திருநெல்வேலியின் இன்னொரு சாட்சி வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் உருவான இந்திய மிஷனெரி சங்கம், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற அடிப்படையில் எழுந்தது. அதைக் கட்டியவர்களில் அசரியாவும் ஒருவர். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஏழைச் சபைகளும் கொடுக்கக் கற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நெல்லைச் சபைகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைத்த பெண்களுடைய விசுவாசம், பிரிஸ்டலின் பெரிய இல்லங்களைக் கட்டிய விசுவாசத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இருபதாம் நூற்றாண்டின் விவாதங்கள்

சி. எஸ். லூயிஸ் 1942-இல் நூலாக வெளியிட்ட ஸ்குருடேப் கடிதங்கள், பிசாசுகளே இல்லை என்பதையும் அவற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதையும் சமமான தவறுகளாக எச்சரித்தது. மனிதனின் கண்ணை எதிர்காலத்தின்மேல் பதியவைத்து இன்றைய கடமையிலிருந்து விலக்குவதே சோதனைக்காரனின் விருப்பம் என்ற கருத்து அந்நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. எவாக்ரியுஸ் கண்டதை லூயிஸ் போர்க்கால இங்கிலாந்துக்குச் சொன்னார்.

இந்தியாவில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் பால் ஹீபர்ட் 1982-இல் ஒரு கட்டுரையில் மேலைநாட்டு மிஷனெரிகளின் குறையைச் சுட்டினார். உன்னதமான தேவனைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் அவர்கள் போதித்தார்கள். பிள்ளை ஏன் நோயுற்றது, யார் செய்வினை வைத்தார்கள், பயிர் ஏன் கருகியது என்று கிராமத்தார் கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. பதில் கிடைக்காதவர்கள் மீண்டும் மந்திரவாதியிடம் போனார்கள். நம்மூர்ச் சபைகளைக் குறித்தும் இது முழு உண்மை. இந்தக் கேள்விகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் போதகர், தம் மக்களைப் பயத்தின் கையில் விட்டுவிடுகிறார்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவற்றில் சில எல்லை மீறின. பீட்டர் வாக்னரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1990-களில், ஒவ்வொரு நகரத்தையும் ஆளும் ஆவியைக் கண்டறிந்து, பெயர் சொல்லி வீழ்த்த வேண்டும் என்று போதித்தார்கள். தானியேல் 10 அவர்களுக்கு ஆதாரம். அந்த அதிகாரத்தில் தானியேல் எந்த ஆவிக்கும் கட்டளையிடவில்லை; உபவாசித்துத் தேவனை நோக்கி ஜெபித்தார், வானத்தில் நடந்த போராட்டம் பிறகுதான் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. உலகச் சுவிசேஷகர்களை ஒன்றிணைக்கும் லோசான் இயக்கம் 1974 உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவிலேயே ஆவிக்குரிய போராட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதே இயக்கத்தின் 1993 அறிக்கை, சத்தியத்தைவிட வல்லமைக்கு முதலிடம் கொடுப்பதையும், போர் மொழி பிறர்மேல் பகையாக மாறுவதையும் குறித்து எச்சரித்தது. பல சமயத்தார் கலந்து வாழும் நாட்டில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று அறிக்கையிட்டுவிட்டு, அயலானையும் அவன் தெய்வத்தையும் எதிரியாக்கிப் பேசுவது கிறிஸ்துவின் வழி அல்ல.

வால்டர் விங்க் 1984 முதல் 1992 வரை எழுதிய மூன்று நூல்களில், துரைத்தனங்களும் அதிகாரங்களும் என்று பவுல் சொன்னவற்றை அரசுகள், நிறுவனங்கள், பொருளாதார அமைப்புகள் ஆகியவற்றின் ஆவியாக விளக்கினார். ஆவிகளைத் தனிப்பட்ட உயிர்களாகவே கருதும் மரபோடு இது முரண்படுகிறது. அந்த மரபை முழுவதும் கைவிட வேதாகமம் இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கூலியைப் பிடித்துவைக்கும் அமைப்பில் பொல்லாங்கு வேலை செய்கிறது என்பதை யாக்கோபு முன்பே சொன்னார். விங்க் அதை நமக்கு மறக்க முடியாததாக்கினார்.

இரண்டு திரிபுகள்

அப்பத்தையும் போராட்டத்தையும் பிரித்ததால் இரண்டு திரிபுகள் வளர்ந்தன. ஒன்று செழிப்பின் உபதேசம். அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ், கென்னத் ஹேகின் போன்றோரால் பரவிய இந்தப் போதனை, கொடுப்பதைப் பல மடங்கு திரும்பப் பெறுவதற்கான விதையாக்கியது. விசுவாச அறிக்கையைச் செல்வத்துக்குச் சாவியாக்கியது. யோபைக் குறித்துச் சாத்தான் சொன்ன குற்றச்சாட்டை இது உண்மையாக்கிவிடுகிறது. பலனுக்காகப் பக்தி என்பதே இதன் சாரம். லோசான் இயக்கத்தின் 2010 கேப்டவுன் அர்ப்பணம், ஆவிக்குரிய நலனைப் பொருட்செல்வத்தால் அளக்க முடியாது என்றது. வறுமையும் நோயும் எப்போதும் சாபத்தின் அல்லது அவிசுவாசத்தின் அடையாளம் என்பதையும் மறுத்தது. மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கும் தாயை எண்ணிப் பார்த்தால், இது வெறும் உபதேசக் கருத்துவேறுபாடு அல்ல என்பது விளங்கும்.

மற்றொன்று, எல்லாவற்றுக்கும் பிசாசைக் காரணமாக்குவது. மனச்சோர்வு, மனப்பிளவு நோய், வலிப்பு ஆகியவற்றால் வாடுகிறவர்களைப் பேய்பிடித்தவர்களாக நடத்துவதால் சிகிச்சை தாமதமாகிறது. சில இடங்களில் அடியும் சங்கிலியும் ஜெபத்தின் பெயரில் நடக்கின்றன. இந்தியாவின் 2017 மனநல பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக் கூடாது என்கிறது. 1999-இல் வெளியான திருத்தப்பட்ட சடங்குமுறை, நோயைப் பேய் என்று அவசரமாக முடிவுகட்டக் கூடாது என்று எச்சரிக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. மருத்துவரும் தேவன் தந்த ஏற்பாடே. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபம், அந்த ஏற்பாட்டையே தள்ளுகிறது.

கேட்டும் கிடைக்காதபோது

இந்த ஆய்வில் மிகக் கடினமான கேள்வி மிஞ்சுகிறது. எதிர்த்து நின்றும் தாக்குதல் நிற்காவிட்டால், நம்பியிருந்தும் அப்பம் வராவிட்டால் என்ன சொல்வது?

வேதாகமம் இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள்ளைச் சாத்தானின் தூதன் என்றே அழைத்த பவுல், மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. கிருபை மட்டும் கிடைத்தது (2 கொரிந்தியர் 12). எபிரெயர் 11 சிங்கங்களின் வாயை அடைத்தவர்களைச் சொன்ன அதே மூச்சில், வாளால் கொல்லப்பட்டவர்களையும் ஆட்டுத்தோல் போர்த்து அலைந்தவர்களையும் விசுவாசிகளாகவே பட்டியலிடுகிறது. 1900-இல் சீனத்தில் நடந்த கலவரத்தில் டெய்லரின் மிஷன் 58 ஊழியர்களையும் 21 பிள்ளைகளையும் இழந்தது. அதற்கு நஷ்டஈடு வாங்க அந்த மிஷன் மறுத்துவிட்டது. ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து காயமடைந்தபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார்.

இவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்லத் துணியும் உபதேசம் எதுவாயினும் அது பொய். தேவனுடைய பராமரிப்பு என்பது துன்பம் வராது என்ற உத்தரவாதம் அல்ல. துன்பத்திலும் அவரை விட்டு விலகாதபடி காக்கப்படுவதும், அந்த நேரத்தில் தோள்கொடுக்கச் சகோதரர்கள் இருப்பதும் அதன் மையம். பசித்தவனுக்கு அப்பம் வராமல் போன இடங்களில், பல வேளைகளில் அப்பம் வைத்திருந்த சபை கொடுக்காமல் இருந்தது. அதற்குத் தேவனைக் கேள்வி கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சபை செய்ய வேண்டியவை

நீண்ட இந்த மரபு நமக்குச் சில தெளிவான அளவுகோல்களைத் தருகிறது. பயத்தை வளர்க்கும் போதனை, அது எவ்வளவு வல்லமையாகத் தோன்றினாலும், பாலைவனப் பிதாக்களின் போதனைக்கு எதிரானது. கூலிக்கான பக்தியை வளர்க்கும் போதனை யோபு புத்தகத்துக்கு எதிரானது. ஏழையின் பையைக் காலியாக்கும் காணிக்கை, மன்னாவின் நியமத்துக்கு எதிரானது. துன்பப்படுகிறவனைக் குற்றம்சாட்டும் ஆறுதல், தேவனுடைய கோபத்துக்கு ஆளான ஆறுதல்.

ஆகவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதலைக்காக ஜெபிக்கும் கூட்டத்திலேயே, அந்த வாரம் யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்றும் கேளுங்கள். சபையின் வரவு செலவைச் சபையார் முன் வையுங்கள். மனநோயால் வாடுகிறவரைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 சபை அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். விசுவாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளையைப் பற்றிய பயம் நெருக்கும்போது வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பயத்தை நம்பத்தக்க ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரத்தில் தீர்மானத்தை மாற்றாதீர்கள். இன்றைய வேலையை நேர்மையாகச் செய்யுங்கள். இருப்பதில் ஒரு பிடியை இல்லாதவருக்கென்று எடுத்துவையுங்கள். பிசாசை எதிர்த்து நிற்பதும் பிதாவை நம்பியிருப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடும்.